ஏரி கூறும் பாடம்

இரயில் நிலையத்திற்கு வண்டி வந்து சேர்வது புதுமையன்று. ஆயினும், 2019-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12-ஆம் நாள் சென்னை வில்லிவாக்கத்திற்கு வந்து சேர்ந்த வண்டி புதுமையானதே. அதில் மக்கள் இல்லை, நெல் மூட்டைகள் இல்லை, நிலக்கரியும் இல்லை. ஐம்பது பெட்டிகளிலும் குடிநீரே நிறைந்திருந்தது. பெட்டி ஒன்றுக்கு 50,000 லிட்டராக, மொத்தம் 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு, ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து அவ்வண்டி வந்தது.

அது வந்த வழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். காட்பாடி, அரக்கோணம், திருவள்ளூர் முதலிய ஊர்களைக் கடந்து, ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் வழியாக அது வில்லிவாக்கத்தை அடைந்தது. ஏரி இல்லாத ஊர் இவ்வழியில் அரிது. அம்பத்தூரில் ஏரி உண்டு. கொரட்டூரில் ஏரி உண்டு. ஆவடியை அடுத்த பருத்திப்பட்டில் ஏரி உண்டு. சிறிது தெற்கே சென்றால் பூவிருந்தவல்லிக்கு அருகில் செம்பரம்பாக்கம் ஏரி கடல் போலப் பரந்து கிடக்கிறது. ஏரிகள் நிறைந்த இந்நாட்டின் ஊடே, குடிக்க நீரின்றித் தவித்த நகருக்கு நீர் சுமந்துகொண்டு ஒரு வண்டி ஓடிற்று. இதனினும் வருந்தத்தக்க காட்சி வேறு யாது?

ஏரிகள் இருந்தும் நீர் இல்லாமற் போனது எதனால்? இனி அந்நிலை வாராதிருக்க நாம் செய்ய வேண்டுவது யாது? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை, நம் ஊர் ஏரியின் கரையிலேயே இருக்கிறது.

வானும் மண்ணும்

சென்னையும் அதன் மேற்கிலுள்ள ஊர்களும் மழை குறைந்த இடங்கள் அல்ல. ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை இங்குப் பெய்கிறது. ஆனால் அம்மழை ஆண்டு முழுவதும் அளவாகப் பெய்வதில்லை. பாதிக்கு மேற்பட்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களில், வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்து தீர்ந்துவிடுகிறது. அதிலும் புயல் எழும் ஆண்டில் ஒரு கிழமையிலேயே கொட்டித் தீர்ப்பதுண்டு. சில ஆண்டுகளில் பருவம் பொய்த்துப் போவதும் உண்டு.

இங்கு ஓடும் ஆறுகளும் அத்தகையனவே. கொசத்தலையாறு, கூவம், அடையாறு ஆகிய மூன்றும் பனிமலையில் பிறந்து ஆண்டு முழுவதும் பெருகும் ஆறுகள் அல்ல. மழை பெய்தால் பெருகும். மழை நின்றால் சுருங்கும். நிலமோ மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்து செல்கிறது. ஆதலின், பெய்த மழையைத் தடுத்து நிறுத்தாவிடில் அது சில நாட்களில் கடலை அடைந்துவிடும்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். நாளை மழை பெய்யுமா என்பதை அவர்களால் கூற இயலவில்லை. அடுத்த ஆண்டு எவ்வாறு இருக்கும் என்பதையும் அவர்கள் அறியார். அறிய இயலாத வருங்காலத்தை எண்ணி அவர்கள் அஞ்சவும் இல்லை. அது வரும்போது பார்த்துக்கொள்வோம் என்று வாளா இருக்கவும் இல்லை. கூடிய நாளில் சேர்த்துக் குறைந்த நாளில் செலவிடும் முறையை வகுத்தனர். வீட்டிலே குதிர் வைத்தனர். அடுத்த விளைச்சலுக்கு உரிய விதைநெல்லைப் பசித்த போதும் தொடாது காத்தனர். ஊருக்கு மேற்கே ஏரி வெட்டினர். குதிர் வீட்டின் சேமிப்பு. ஏரி ஊரின் சேமிப்பு.

ஏரியின் உறுப்புகள்

ஏரி என்பது வெறும் பள்ளமன்று. பல உறுப்புகளைக் கொண்டு இயங்கும் ஓர் அமைப்பாகும். மேட்டு நிலத்தில் பெய்யும் மழையை ஏரிக்குக் கொண்டுவருவது வரத்துக்கால். வந்த நீரைத் தேக்கி நிறுத்துவது கரை. கரையின் அடியில் அமைந்து, வேண்டிய அளவு நீரை வயலுக்கு விடுவது மதகு. அம்மதகினால் பாசனம் பெறும் நிலம் ஆயக்கட்டு எனப்படும். ஏரி நிரம்பிய பின் மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வழிந்து செல்வதற்காகக் கல்லினால் கட்டப்படுவது கலங்கல். கலங்கலில் வழியும் நீரை ஏற்றுச் செல்வது போக்குக்கால்.

கலங்கலில் வழியும் நீரையும் நம் முன்னோர் வீணாக்கவில்லை. ஓர் ஏரியின் போக்குக்காலே அடுத்த ஏரியின் வரத்துக்காலாக அமையுமாறு ஊர்களை இணைத்தனர். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் அதன் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லும். கொரட்டூர் ஏரி நிரம்பினால் மாதவரம் இரட்டை ஏரிக்குச் செல்லும். மேலூர் நிறைந்த பின்னரே கீழூருக்கு நீர் கிடைக்கும். கீழூர்க் கால்வாய் அடைபட்டால் மேலூரில் வெள்ளம் தேங்கும். ஒன்றையொன்று கைகோத்து நிற்கும் இவ்வமைப்பைச் சங்கிலித் தொடர் ஏரிகள் என்பர். பழைய செங்கற்பட்டு மாவட்டம் இத்தகைய ஏரிகளால் நிறைந்திருந்தமையின் 'ஏரி மாவட்டம்' என்றே பெயர் பெற்றிருந்தது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் அக்காலத்தில் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே.

ஏரியினால் விளைந்த நன்மை வயலோடு நின்றுவிடவில்லை. ஏரியில் நின்ற நீர் மெல்லக் கசிந்து, சுற்றிலுமுள்ள கிணறுகளில் ஊறிற்று. அக்கிணறுகளால் தோட்டங்கள் செழித்தன. பூவிருந்தவல்லி என்னும் பெயரிலேயே பூ மணக்கிறது. திருக்கச்சிநம்பிகள் என்னும் வைணவப் பெரியார் இவ்வூரில் மலர் பறித்துக் காஞ்சியில் உள்ள வரதராசப் பெருமாளுக்குச் சூட்டி வந்தார் என்று வரலாறு வழங்குகிறது. கோடையில் ஏரி வற்றியபோது உழவர் அதன் அடியில் படிந்த வண்டலை வண்டிகளில் ஏற்றிச் சென்று வயலுக்கு உரமாக இட்டனர். அதனால் வயல் வளம் பெற்றது. ஏரியும் ஆழம் பெற்றது. குயவர் அதே மண்ணைக் கொண்டு பானை வனைந்தனர். ஏரி மீனின் குத்தகைப் பணம் ஊர்ப் பொதுச் செலவுக்கு உதவிற்று. ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு ஆக்கமாகும் இவ்வாழ்க்கையில் வீண் என்பதற்கு இடமே இல்லை.

ஏரியைக் காத்த முறை

ஏரியை வெட்டுவது அரிய செயல். வெட்டிய ஏரியைக் காப்பது அதனினும் அரிய செயல். பல்லவ மன்னர்கள் தொண்டை நாட்டில் பேரேரிகளை அமைத்தனர். மகேந்திரவாடியில் மகேந்திர தடாகமும், உத்தரமேரூரில் வயிரமேக தடாகமும் அவர்கள் காலத்தில் தோன்றியவை. ஆனால், மன்னர் வெட்டிய ஏரியை ஆண்டுதோறும் காத்தவர் ஊர் மக்களே ஆவர்.

உத்தரமேரூர்க் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள, முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகள் ஊராட்சிக்கு உரிய வாரியங்களைப் பற்றி விரித்துரைக்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அதன் உறுப்பினர் குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஓராண்டுக்கு மேல் அவர்கள் பதவியில் இருத்தல் இயலாது. முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர்கள் மட்டுமன்றி, அவர்களுடைய நெருங்கிய உறவினரும் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவராயினர். ஏரிப் பொறுப்பு எத்துணைத் தூய்மையான கைகளில் இருத்தல் வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் எண்ணியிருந்தனர் என்பது இதனால் விளங்குகிறது. ஏரியைப் பழுது பார்க்கும் செலவுக்கென்றே 'ஏரிப்பட்டி' என்னும் நிலத்தை ஒதுக்கி வைத்ததையும் பழைய கல்வெட்டுகளால் அறிகிறோம்.

பிற்காலத்தில் இப்பணி 'குடிமராமத்து' என்னும் பெயரால் நடைபெற்றது. மழைக் காலம் தொடங்குமுன் ஊரார் ஒன்று கூடுவர். கரையில் ஏற்பட்ட பள்ளங்களை நிரப்புவர், வரத்துக்காலில் வளர்ந்த புதரை வெட்டுவர், மதகைச் செப்பனிடுவர். வயல்களுக்கு முறைப்படி நீர் பங்கிட நீர்பாய்ச்சி ஒருவர் இருப்பார். எவருடைய வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பது அவர் அறிந்த கணக்கு. நீர் குறைந்த ஆண்டில் குறைந்த அளவே அனைவருக்கும் கிடைக்கும். அக்கூலியை ஊரார் அறுவடைக் களத்தில் நெல்லாக அளந்தனர்.

இம்முறை குறையற்றது என்று கூறுதல் இயலாது. வலியவர் தம் பங்கை மிகுதியாகப் பெற்றதும், எளியவர் உழைப்பை மட்டும் கொடுத்ததும் பல ஊர்களில் உண்டு. அக்குறைகளை நாம் மீண்டும் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால், பயன் பெறுவோரே பாதுகாக்கவும் வேண்டும் என்னும் அதன் உயிர்க் கொள்கையை நாம் கைவிடலாகாது.

காவல் நீங்கிய கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை நகரம் வளர்ந்தது. நகரக் கிணறுகள் போதாமையால், செங்குன்றம் எனப்படும் புழல் ஏரியின் நீரைக் கீழ்ப்பாக்கத்திற்குக் கொண்டுவரும் திட்டம் 1872-ஆம் ஆண்டு நிறைவேறியது. பின்னர்க் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் ஒரு நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிக்கப்பெற்றது. சென்னையின் மேயராக இருந்து இத்திட்டத்திற்காக உழைத்த சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. குழாயைத் திருகினால் நீர் வரும் காலம் பிறந்தது. அது பெரும் நன்மையே. ஆயினும், குழாயில் வரும் நீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது என்று எண்ணும் வழக்கம் மக்களிடையே மெல்ல மறைந்தது.

நாடு விடுதலை பெற்ற பின், மேற்குப் புறநகர் விரைந்து வளர்ந்தது. 1955-இல் ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடிச் சமதருமப் பாங்கான சமுதாயத்தை நாட்டின் குறிக்கோளாக அறிவித்தது. பின்னர் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. பல்லாயிரவர் வேலை பெற்றனர். தொழிலில் தன்னிறைவு பெற வேண்டும் என்னும் நாட்டின் வேட்கைக்கு இவ்வூர்கள் பெருந்துணை புரிந்தன. வேலை தேடி வந்தவர்க்கு வீடு வேண்டுமன்றோ? வயல்கள் மனைகளாயின, ஆயக்கட்டுகள் தெருக்களாயின.

இங்கே நாம் ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஏரி நீரால் பயிர் செய்தவன், ஏரிக்கரையில் சிறு கசிவு கண்டாலும் இரவோடு இரவாக ஓடி வந்து அடைத்தான். அவனுடைய சோறு அந்நீரில் இருந்தது. வயல் மனையான பின் மதகைத் திறக்கவும் ஆள் இல்லை. அடைக்கவும் ஆள் இல்லை. எவருக்கும் வேண்டாத பொருளுக்கு எவரும் காவலர் அல்லர். வரத்துக்கால்கள் குப்பையால் தூர்ந்தன. வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் நீர்நிலைகளில் கலந்தன. ஏரியின் உள்வாயிலேயே வீடுகள் எழுந்தன.

இவ்வழக்கம் புறநகரில் தொடங்கியதன்று. 1920-களில் மாம்பலத்துப் பேரேரியை வடித்துத்தான் தியாகராய நகர் அமைக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'ஏரி காணும் சாலை' என்னும் பொருள்பட ஆங்கிலப் பெயர் கொண்ட சாலை ஒன்று உண்டு. காண்பதற்கு ஏரிதான் இல்லை. முகப்பேரில் ஏரி இருந்த இடத்தில் எழுந்த குடியிருப்புக்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர். ஏரி போயிற்று; பெயர் நின்றது.

மிகையும் குறையும்

ஏரிகளை மறந்ததன் விளைவு இரு வடிவில் வந்தது. முதலில் வெள்ளமாக வந்தது. பின்னர் வறட்சியாக வந்தது.

2015-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மட்டும் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. நிலம் நனைந்து, ஏரிகள் நிரம்பிய நிலையில், டிசம்பர் முதல் நாள் வானம் மீண்டும் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. மேற்கேயுள்ள பல ஏரிகளின் மிகுநீரும் சேர்ந்து அடையாற்றில் பெருக்கெடுத்தது. போக்குக்கால்கள் அடைபட்ட இடங்களில் நீர் தெருவையே கால்வாயாகக் கொண்டது. அவ்வாண்டு மழை வெள்ளத்தால் தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். பல நாட்கள் மின்சாரம் இல்லை. பாலும் காய்கறியும் கிடைத்தல் அரிதாயிற்று. பணம் இருந்தவரும் இல்லாதவரும் ஒரே மாடியில் நின்று உணவுப் பொட்டலத்துக்குக் கை நீட்டிய காட்சியை நகரம் கண்டது.

நான்கு ஆண்டுகள் கூட நிறையவில்லை. 2018-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 சூன் திங்களில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களிலும் சேர்த்து, அவற்றின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு நீர்கூட இல்லை. வெள்ளம் புரண்ட செம்பரம்பாக்கத்தின் தரை வெடித்துக் கிடந்தது. மக்கள் குடங்களுடன் நள்ளிரவிலும் நீர் வண்டிக்காகக் காத்திருந்தனர். அப்போதுதான் ஜோலார்பேட்டையிலிருந்து நீர் இரயில் வந்தது.

மாணவர்களே! இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். நொடிக்கு 29,000 கன அடி என்றால் நொடிக்கு எட்டு இலட்சம் லிட்டருக்கு மேல். 2019-இல் ஓர் இரயில் வண்டி அரும்பாடுபட்டுச் சுமந்து வந்த 25 இலட்சம் லிட்டர் நீர், 2015-இல் செம்பரம்பாக்கத்திலிருந்து ஏறத்தாழ மூன்று நொடியில் வெளியேறிய நீரே ஆகும்! அவ்வேரியின் கொள்ளளவு 364½ கோடி கன அடி. ஒருமுறை நிரம்பிய அவ்வேரியின் நீரைக் கொண்டுவர, அந்த இரயில் 41,000 முறைக்கு மேல் வர வேண்டும்.

அவ்வெள்ளம் முழுவதையும் தேக்கியிருக்கலாம் என்று கூறுவது பேதைமை. ஓர் அளவுக்கு மேல் நீரைத் தாங்கினால் கரை உடையும். ஆயினும், தூர்ந்துபோன சிறு ஏரிகளும் குளங்களும் தத்தம் பங்கைத் தாங்கியிருந்தால், வெள்ளத்தின் வேகமும் குறைந்திருக்கும். வறட்சியின் கொடுமையும் குறைந்திருக்கும். மிகையும் குறையும் இரு வேறு நோய்கள் அல்ல. சேமிக்க மறந்தமை என்னும் ஒரே நோயின் இரு குறிகள். உலகம் வெப்பமடைந்து வருவதால் பெருமழை இன்னும் பெரிதாகவும், வறட்சி இன்னும் கடுமையாகவும் வரக்கூடும் என்று அறிவியலார் எச்சரிக்கின்றனர். ஆகவே இந்நோய்க்கு மருந்து காண்பது இன்றைய கடமை.

அவ்வறட்சிக் காலத்தில் ஓர் அரிய செய்தி நிகழ்ந்தது. பூவிருந்தவல்லிக்கு அணித்தாக, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல் குவாரிகள் உள்ளன. கல்லெடுத்த ஆழமான பள்ளங்களில் மழைநீர் பல ஆண்டுகளாகத் தேங்கி நின்றது. 2017-ஆம் ஆண்டு வறட்சியிலும், மீண்டும் 2019-லும் அந்நீரைத் தூய்மைப்படுத்தி நகருக்கு வழங்கினர். எவரும் நீருக்கென்று வெட்டாத பள்ளமே இத்துணை உதவி செய்யுமானால், நீருக்கென்றே வெட்டிய ஏரிகளைப் பேணினால் எத்துணை உதவி கிடைக்கும்!

தன் கையே தனக்கு உதவி

வீட்டளவில் நாம் செய்யக்கூடியது யாது? 2003-ஆம் ஆண்டு தமிழக அரசினர், எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கினர். இந்தியாவுக்கே இது முன்மாதிரியாயிற்று. பல இடங்களில் கிணற்று நீர் உயர்ந்தது. ஆனால் காலப்போக்கில் பல வீடுகளில் குழாய் உடைந்தது, குழி தூர்ந்தது, அமைப்பு பெயரளவில் நின்றது. சட்டம் குழியை வெட்டச் செய்யும். ஆண்டுதோறும் அதைத் தூர் எடுக்க நம் கைதான் வேண்டும்.

ஒரு வீட்டின் மொட்டைமாடி 1,000 சதுர அடி என்று கொள்வோம். சராசரி மழை பெய்யும் ஆண்டில் அதன்மேல் விழும் நீர் ஏறத்தாழ 1,30,000 லிட்டர். வெயிலில் ஆவியாவதும், மாடியைக் கழுவிச் செல்லும் முதல் மழையும் போக, ஐந்தில் நான்கு பங்கு கிடைத்தாலும் 1,04,000 லிட்டர் ஆகும். நால்வர் உள்ள குடும்பம் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் நாளொன்றுக்கு 40 லிட்டர் செலவிட்டால் ஆண்டுக்கு 14,600 லிட்டர் போதும். ஒரு வீட்டு மாடியில் விழும் மழை, ஏழு வீடுகளின் அடுப்புக்கும் தாகத்துக்கும் போதுமானது என்பது இதனால் தெளிவாகிறது.

இதற்கு வேண்டும் அமைப்பும் எளியதே. மாடியை மழைக்கு முன் பெருக்கித் தூய்மை செய்தல் வேண்டும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்து வரும் நீரைக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டியின் வழியாகத் தொட்டிக்கு விடலாம். தொட்டி நிறைந்த பின் வழியும் நீரைக் கிணற்றுக்கோ, உறிஞ்சு குழிக்கோ செலுத்தலாம். களிமண் நிறைந்த இடத்தில் மேலோட்டமான குழி பயன்படாது. களிமண்ணைக் கடந்து நீர் இறங்கும் ஆழம் வேண்டும். குடிப்பதற்கு உரிய நீரைக் காய்ச்சிக் குடித்தல் நலம். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் போதும். ஏரி இருந்த காலத்து ஒழுக்கம் இவ்வாறு வீட்டுக்குள்ளும் தொடரலாம்.

ஆனால், வீடு மட்டும் தன்னைக் காத்துக்கொண்டால் போதாது. தனிக் குடும்பம் தொட்டி கட்டலாம். ஏரி கட்ட இயலாது. தற்சார்பு என்பது தனித்து வாழ்தல் அன்று. தம் ஊர்க் கடமையைத் தம் ஊரார் கூடிச் செய்தல். இதற்கு வடநாட்டிலும் ஒரு சான்று உண்டு. இராசத்தானத்தின் ஆல்வார் மாவட்டத்தில் வறண்டு கிடந்த சிற்றூர்களில், 1985 முதல் இராசேந்திர சிங் என்பார் மக்களைத் திரட்டி, 'சோகட்' எனப்படும் பழைய மண் குளங்களை மீண்டும் உருவாக்கினார். நிலத்தடி நீர் உயர்ந்தது. வற்றியிருந்த ஆர்வரி ஆறு மீண்டும் ஓடிற்று. இப்பணிக்காக அவருக்கு 2001-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. ஆற்றை மீட்டது மண்வெட்டியும் மக்கள் ஒற்றுமையுமே.

அளவறிந்து செலவிடுதலும் இதனோடு சேர்ந்த கடமை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2018-இல் நீர்த்தேக்கங்கள் வற்றும் நிலை வந்தபோது, ஒருவர் நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பயன்படுத்தலாகாது என்று நகராட்சி வரையறுத்தது. செல்வரும் வறியரும் செலவைச் சுருக்கினர். குழாய்கள் முற்றிலும் அடைபடும் நாள் வாராமலே போயிற்று. நீர்பாய்ச்சி நாழிகைக் கணக்கில் பங்கிட்ட பழைய முறையன்றோ இது!

நம் மேற்குப் புறநகரிலும் நம்பிக்கை தரும் செயல்கள் இல்லாமலில்லை. கொரட்டூர் மக்கள் ஓர் இயக்கமாகக் கூடி, தம் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று வாதாடினர். ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி சீர்செய்யப்பட்டு, கரையில் நடைபாதையும் பூங்காவும் பெற்றுள்ளது. ஏரிகளை ஆக்கிரமிப்பிலிருந்து காப்பதற்கென்றே 2007-இல் சட்டம் இயற்றப்பட்டது. குடிமராமத்து என்னும் பெயரால் ஏரிகளைத் தூர் வாரும் திட்டத்தை 2017-இல் அரசினர் மீண்டும் தொடங்கினர். தொடங்கிய செயல் தொடர்வது மக்கள் விழிப்பைப் பொறுத்தது.

முடிவுரை

வள்ளுவர் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பை வைத்தார். புலவர் குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனிடம் போர் வெற்றியைப் புகழ்ந்ததோடு அமையாது, நீர்நிலை பெருக்கு என்று அறிவுறுத்தினார். அவர்கள் கண்ட உண்மை பழமையானது, ஆயினும் பழுதாகவில்லை.

ஏரி நமக்கு மூன்று பாடங்களைக் கூறுகிறது. கிடைக்கும் காலத்தில் சேர்த்து வை என்பது முதற்பாடம். அதைக் கரை கற்பிக்கிறது. அளவறிந்து செலவிடு என்பது இரண்டாம் பாடம். அதை மதகு கற்பிக்கிறது. உனக்கு நிறைந்த பின் அடுத்த ஊருக்கு வழிவிடு என்பது மூன்றாம் பாடம். அதைக் கலங்கல் கற்பிக்கிறது. இம்மூன்றும் நீருக்கு மட்டும் உரியன அல்ல. உணவுக்கும் பொருளுக்கும் உழைப்புக்கும் இவை பொருந்தும்.

வருங்காலம் எவ்வாறு வரும் என்பதை எவரும் அறியார். வெள்ளமாகவும் வரலாம், வறட்சியாகவும் வரலாம். இரண்டையும் எதிர்கொள்ள வல்லது ஏரி ஒன்றே. அடுத்த முறை நீங்கள் ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ இரயிலில் செல்லும்போது, பலகணியின் வழியே சற்று வெளியே நோக்குங்கள். இதே இருப்புப் பாதையில் ஒரு நாள் நம் தாகத்துக்கு நீர் வந்தது என்பதை நினைவுகூருங்கள். அத்தகைய வண்டி மீண்டும் வர வேண்டுமா, வேண்டாவா என்பது இனி உங்கள் கையில் இருக்கிறது.

அருஞ்சொற்பொருள்

வாளா – சும்மா
குதிர் – நெல் சேமிக்கும் பெரிய மண் கலம்
கலங்கல் – ஏரியின் மிகுநீர் வழியும் கல் அணை
ஆயக்கட்டு – ஓர் ஏரியால் பாசனம் பெறும் நிலப்பரப்பு
தூர்தல் – மண் படிந்து மேடாதல்
உள்வாய் – ஏரியின் நீர் நிற்கும் உட்பகுதி
அணித்தாக – அருகில்
பலகணி – சாளரம்

பயிற்சி

1. வில்லிவாக்கத்திற்கு வந்த நீர் இரயில் எங்கிருந்து, எவ்வளவு நீர் கொண்டுவந்தது?
2. ஏரியின் உறுப்புகள் யாவை? ஒவ்வொன்றின் பயனையும் கூறுக.
3. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளால் ஏரி வாரியம் பற்றி நாம் அறிவன யாவை?
4. 'எவருக்கும் வேண்டாத பொருளுக்கு எவரும் காவலர் அல்லர்' – இத்தொடரை விளக்குக.
5. வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரு குறிகள் என்று ஆசிரியர் கூறுவது ஏன்?
6. பிரித்து எழுதுக: பேரேரி, மிகுநீர், தன்னிறைவு, இவ்வூர்கள்.
7. உங்கள் வீட்டு மாடியின் பரப்பை அளந்து, ஓராண்டில் அதன்மேல் விழும் மழைநீரின் அளவைக் கணக்கிடுக.
8. உங்கள் ஊர் ஏரி அல்லது குளத்திற்கு நீர் வரும் வழியையும் செல்லும் வழியையும் நேரில் கண்டு, படம் வரைந்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.